கடுகுத் தலையணையோடு கூச்சிங் போன கதை

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. பொண்டாட்டியையும் நூறு நாள் கைக்குழந்தையையும் பெம்பான்லேருந்து கூட்டிக்கிட்டு கூச்சிங்குக்குப் பறக்கணும். அன்னிக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

நான் மலேசியாவுல மலாக்கா பக்கம், சிம்பாங் அம்பாட் ஆளு. குருபோங்ல ஒரு ஃபேக்டரியில மிஷின் ரிப்பேர் பாத்துக்கிட்டு இருந்தவனை, "ரெண்டு வருஷம் போய்ட்டு வா"ன்னு கடல் தாண்டி இருக்கிற கூச்சிங் கிளைக்குத் தள்ளி விட்டுட்டாங்க. ஷாமினி தலைப்பிரசவத்துக்கு பெம்பான்ல இருக்கிற அம்மா வீட்டுக்கு வந்துட்டா. புள்ள பொறந்தப்ப நான் வந்து ஒன்பது நாள் இருந்தேன். அதுக்கப்புறம் வீடியோ கால்தான்.

போன்ல என் மூஞ்சியைப் பாத்தா புள்ள கவின் சிரிப்பான். நேர்ல தூக்கினா அலறுவான். அவனைப் பொறுத்தவரைக்கும் அப்பாங்கிறவரு ஆறு இஞ்ச் உயரம், கழுத்துக்குக் கீழ ஒண்ணும் கிடையாது.

திங்கக்கிழமை காலையில நான் வேலைக்கு நிக்கணும். பள்ளிக்கூட லீவு சமயம் வேற. இந்த ஃப்ளைட்டை விட்டா ரெண்டு வாரத்துக்கு ஒத்த சீட்டுதான் அங்கங்க இருக்கு, சேந்தாப்ல ரெண்டு இல்ல. அப்படின்னா நான் தனியாப் போகணும். தாயும் புள்ளையும் இன்னும் எத்தனை நாளோ பெம்பான்லயே.

அதனால ஒரு முடிவு எடுத்தேன். ஏர்போர்ட்ல எங்கயும் தடங்கல் வரக்கூடாது. முக்கியமா செக்யூரிட்டியில.

நான் அதுவரைக்கும் நாலு தடவை ஃப்ளைட் ஏறினவன். மாமனார் வீட்டுல ஒருத்தரும் ஏறினதில்ல. நாலு தடவை ஏறினவனை ஏறாதவங்க நடுவுல விட்டா என்ன ஆவான்? பைலட் ஆயிடுவான்.

சனிக்கிழமை சாயந்தரம் ஒத்திகை வெச்சேன்.

சிரிக்காதீங்க. நெசமாவே வெச்சேன்.

துணி காயப்போடுற ரெண்டு பிளாஸ்டிக் கூடைதான் ட்ரே. சாப்பாட்டு மேசை, பெல்ட். ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல இருக்கிற நெலைதான் அந்த "பீப்" அடிக்கிற வாசல். நான் அதிகாரி.

"ஷாமினி, வளையலைக் கழட்டு. போனை எடு. ட்ரேல வை. புள்ளையைத் தூக்கிக்க. நட. சிரிக்காத!"

அவ நடந்தா. நான் வாயாலயே "பீப்" அடிச்சேன்.

"என்ன பீப்?"

"ஹேர்பின்!"

ஷாமினியோட தங்கச்சி பிரியா சோபாவுல உக்காந்து வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தா. மலாக்காவுல ஒரு மால்ல போன் கடையில வேலை பாக்கிற பொண்ணு, எதையும் நம்பாது. "மாமா, நீங்க பாஸ்போர்ட் ஆபீசர் மாதிரி மூஞ்சி வெச்சிருக்கீங்க லா"ன்னா. நான் கண்டுக்கல.

மாமனார் லோரி ஓட்டுறவரு. ஒரு நாளைக்கு மொத்தமா பத்து வார்த்தை பேசுவாரு. அன்னிக்கு நாளுக்கு உண்டானதுல ரெண்டை எனக்குச் செலவு பண்ணாரு. "நல்லா இருக்கு."

அதோட விட்டேனா? புள்ளையோட நல்லெண்ணெய், ஓம வாட்டர், ஷாமினியோட கஷாயம், எல்லாத்தையும் நூறு மில்லி பாட்டில்ல ஊத்தினேன். பதினோரு பாட்டில். ஒவ்வொண்ணுக்கும் பேரெழுதி ஒட்டி, கண்ணாடி மாதிரி ஒரு பையில வரிசையா அடுக்கி, நானே அதைத் தூக்கிப் பிடிச்சுப் பாத்து ரசிச்சேன்.

அப்பதான் அத்தை, அதாவது என் மாமியார், அடுப்படியிலேருந்து நாள்காட்டியோட வந்தாங்க.

"மாப்ள, ஃப்ளைட்டு எத்தனை மணிக்குங்க?"

"பன்னெண்டு நாப்பது அத்தை."

"ஞாயித்துக்கிழமை பன்னெண்டுலேருந்து ஒன்றரை எமகண்டம்."

"அத்தை, பைலட்டுக்கு எமகண்டமெல்லாம் தெரியாது."

"அவருக்குத் தெரிய வேணாம். பச்சப்புள்ளையும் புள்ள பெத்தவளும் கடல் தாண்டிப் போறாங்க. கூட ஒரு துண்டு இரும்பு இருந்தா காத்துக் கருப்பு அண்டாது. சின்னதா ஒண்ணு..."

"அத்தை!" நான் கையைத் தூக்கி நிறுத்தினேன். "அந்த மிஷின் எதுக்கு இருக்கு? இரும்பைக் கண்டுபிடிக்கத்தான். ஒரு ஆணி இருந்தாக்கூட எங்களை ஓரங்கட்டிருவாங்க. ஃப்ளைட்டு போயிரும். ஒரு பொட்டு இரும்பு வரக்கூடாது. எல்லாருக்கும்தான் சொல்றேன்!"

அத்தை என்னை ஒரு பார்வை பாத்தாங்க. "சரிங்க மாப்ள"ன்னாங்க. உள்ள போயிட்டாங்க.

மாமியார் ஒரே தடவையில "சரி"ன்னு சொன்னா மருமகன் பயப்படணும். எனக்கு அந்த அறிவு அப்ப இல்ல.

மறுநாள் காலையில மாமா, அதாவது என் மாமனாரோட வேன்ல எல்லாரும் ஏர்போர்ட் வந்தோம். பெட்டியைக் கவுண்டர்ல போட்டாச்சு. கட்டிப்பிடிச்சு அழுதாச்சு. ஷாமினி அழுதா, அத்தை அழுதாங்க, அவங்களைப் பாத்து கவின் அழுதான். பிரியா அதையும் வீடியோ எடுத்தா. "உள்ள போய் ஏறுற வரைக்கும் நாங்க இங்கதான் இருப்போம்"னு அத்தை சொன்னாங்க. "எதுக்கு அத்தை, அஞ்சு நிமிஷ வேலை, வீட்டுக்குப் போங்க"ன்னேன். அவங்க நகரல.

பதினொன்னே கால். செக்யூரிட்டி வரிசை.

எங்களுக்கு முன்னாடி நின்னவங்களைப் பாத்து எனக்குப் பரிதாபமா இருந்துச்சு. ஒருத்தர் பெல்ட்டை மறந்துட்டாரு. ஒரு அம்மா பையிலேருந்து சாவிக்கொத்தைத் தேடிக்கிட்டு இருந்தாங்க. "பாத்தியா, ஒத்திகை இல்லாத குடும்பம்"னு ஷாமினி காதுல சொன்னேன்.

எங்க முறை வந்துச்சு. வளையல் ட்ரேல. போன் ட்ரேல. என் பதினோரு பாட்டில் பையை எல்லாரும் பாக்கிற மாதிரி மேல தூக்கி, பவ்யமா ட்ரேல வெச்சேன். ஷாமினி புள்ளையோட நடந்தா. பீப் இல்ல. நான் நடந்தேன். பீப் இல்ல! எனக்கே கை தட்டணும்போல இருந்துச்சு.

பெல்ட் நின்னுச்சு.

மிஷின் பின்னாடி உக்காந்திருந்த அதிகாரி திரையைப் பாத்தாரு. கண்ணைச் சுருக்கினாரு. பெல்ட்டைப் பின்னால ஓட்டினாரு. மறுபடி முன்னால ஓட்டினாரு. பக்கத்துல நின்ன ஒரு மலாய்க்கார அம்மாவைக் கூப்பிட்டாரு. அம்பது வயசு இருக்கும், முக்காடு போட்டு, யூனிஃபார்ம்ல கம்பீரமா இருந்தாங்க. மரியாதைக்கு நான் "காக்"னு கூப்பிட்டேன், அக்கான்னு அர்த்தம்.

அவங்க முதல்ல கையில எடுத்தது என் பாட்டில் பையைத்தான். எனக்குப் பெருமை தாங்கல.

"இது என்ன என்சிக், இத்தனை பாட்டில்?" மலாய்லதான் கேட்டாங்க. என்சிக்னா ஐயா.

"எல்லாம் நூறு மில்லி, காக்! ரூல்ஸ் படி!"

"கூச்சிங்தானே போறீங்க? அது வெளிநாட்டுக்குப் போறவங்களுக்கு. உள்நாட்டுக்கு நீங்க பெரிய பாட்டிலையே கொண்டு வந்திருக்கலாம்."

பின்னாடி நின்ன யாரோ சிரிச்சாங்க. ஷாமினி என் பக்கம் திரும்பவே இல்ல. முந்தின நாள் நான் ஊத்தினதுல பாதி அவளோட கஷாயம்.

"பாட்டில் பிரச்சனை இல்ல. இந்தப் பையில என்ன இருக்கு?" காக் புள்ளையோட பையைக் காட்டினாங்க.

"துணி, பம்பர்ஸ். அவ்வளவுதான் காக். இரும்பு ஒண்ணும் இல்ல. சத்தியமா!"

கேக்காமலேயே "இரும்பு இல்ல"ன்னு சொல்றவனை எந்த அதிகாரி நம்புவாங்க?

ஜிப்பைத் தொறந்து, கையை விட்டு, நீட்டமா ஒண்ணை இழுத்தாங்க. முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங். ரெண்டு பக்கமும் கொக்கி.

ஏணை ஸ்பிரிங்! உத்தரத்துல மாட்டி, சாரோங்கைக் கட்டி, புள்ளையைப் போட்டு மேலயும் கீழயும் ஆட்டுவோமே, அதேதான்.

"ஷாமினி!"

"அவன் அதுல போட்டாத்தாங்க தூங்குவான்! புதுசா ஒண்ணு வாங்கலாம்னா, பழகின ஸ்பிரிங் மாதிரி வருமா?"

"பெரிய பெட்டியில வெச்சிருக்கலாம்ல?"

"பெட்டி அங்க வராமப் போயிட்டா? நைட்டு நீங்களா ஆட்டுவீங்க?"

காக் அந்த ஸ்பிரிங்கை ஒரு கையில தொங்க விட்டு, இன்னொரு கையால லேசா இழுத்து விட்டாங்க. அது குதிச்சுது. முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு. "என் மூணு புள்ளைங்களையும் இதுலதான் தூங்க வெச்சேன்"னாங்க. ஆனா அவங்களா விட முடியாது. மேலதிகாரி வந்தாரு. இளவட்டம், கல்யாணம் ஆகாதவரு போல. கொக்கியைத் தடவிப் பாத்து, "இது எதுக்கு?"ன்னாரு.

காக் விளக்கினாங்க. அவருக்குப் புரியல. உடனே நான் உதவிக்குப் போனேன். கையைத் தூக்கி உத்தரமா நின்னுக்கிட்டு, "அண்ணே, நான்தான் வீடு. இது ஸ்பிரிங். புள்ள இங்க"ன்னு மேலயும் கீழயும் குதிச்சுக் காட்டினேன்.

அந்த வரிசையே என்னைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அவரு, போதும் நிறுத்துங்கன்னு கையைக் காட்டி, சரி போகட்டும்னுட்டாரு.

"ஆனா இன்னொண்ணு தெரியுது"ன்னாரு திரையில இருந்தவரு. "தலையணையில."

எனக்குப் புரிஞ்சுபோச்சு. அத்தை! அந்த "சரிங்க மாப்ள"!

புள்ளைக்குத் தலை உருண்டையா வரணும்னு கடுகு போட்டுத் தைச்ச சின்னத் தலையணை அது. காக் அதை அமுக்கிப் பாத்தாங்க. "உள்ள ஒரு ஆணி இருக்கு. மெதுவா ஓரமாத் தையலைப் பிரிக்கணும். கத்திரிக்கோல் எடுத்துட்டு வர்றேன், ரெண்டு நிமிஷம் இருங்க."

மணி பதினொன்னு முப்பத்தஞ்சு. எனக்கு ரெண்டு நிமிஷம் பெருசாத் தெரிஞ்சுது.

தையலைப் பல்லால கடிச்சு ஒரே இழு.

அலாமாக்!

கடுகை நீங்க தாளிக்கிறப்ப பாத்திருப்பீங்க, ஒரு கரண்டி. இது ஒன்றரைக் கிலோ. மேசையில கொட்டி, மேசையிலேருந்து பெல்ட்டுல கொட்டி, பெல்ட்டுலேருந்து தரையெல்லாம் ஓடுச்சு. யாரோ தெரியாம பெல்ட்டை ஓட விட்டுட்டாங்க. ஒரு சீனக் கிழவரோட தொப்பி ட்ரேல உள்ள போனது காலியா, வெளிய வந்தது கடுகோட.

அவரு தொப்பியைத் தலையில வெச்சாரு. மழை மாதிரி கொட்டுச்சு. என்னைப் பாத்தாரு, அவ்வளவுதான். அதுக்குத் திட்டியிருக்கலாம்.

கூட்டுறதுக்கு ஒரு தமிழ் அக்கா வந்தாங்க. தொடப்பத்தை ஊனிக்கிட்டு ஒரு நிமிஷம் தரையைப் பாத்தாங்க.

"தம்பி, எவ்ளோ நல்ல கடுகு! வீட்டுல பொம்பளைங்க தைச்சதைப் பல்லால கடிக்கலாமா?"

"தப்புதான்க்கா."

"நகருங்க, மிதிக்காதீங்க."

கடுகுக் குவியல் நடுவுல ஆணி கெடந்துச்சு. ரெண்டு இஞ்ச் இரும்பு ஆணி. காக் அதை எடுத்து மேசையில வெச்சாங்க. வெச்சவங்க பையைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க.

"இன்னும் ஒண்ணு இருக்கணும்"னாங்க.

"இல்ல காக், அவ்வளவுதான்."

"என்சிக், எங்க வீட்டுலயும் புள்ளையோட தலைமாட்டுல கத்திரிக்கோல் வைப்பாங்க. நான் சொல்றேன். வெக்கிறவங்க ஒண்ணோட நிறுத்த மாட்டாங்க."

நேரா, புள்ளைக்குக் கட்டுற பம்பர்ஸ் கட்டைப் பிரிச்சாங்க. அஞ்சாவது பம்பர்ஸ் மட்டும் குண்டா இருந்துச்சு. உள்ள, சாமி துணி மாதிரி சுத்தி, பளபளன்னு ஒரு பாக்குவெட்டி!

"காச்சிப்!" காக் சத்தமாவே சொல்லிட்டாங்க, பாக்குவெட்டிக்கு மலாய்ல அதான் பேரு. தொலைஞ்ச சொந்தக்காரரைக் கண்டுபிடிச்ச மாதிரி சந்தோஷம். அப்புறம் மூஞ்சியை அதிகாரி மாதிரி மாத்திக்கிட்டாங்க. "இது போகாது. ஆணியும் போகாது. இங்க பெட்டியில போட்டுருங்க, இல்லன்னா வெளிய ஆள் இருந்தா குடுத்துட்டு வாங்க. சீக்கிரம்."

பாக்குவெட்டியைக் குப்பையில போட ஷாமினி விடல. "அது பழசுங்க, வீட்டுப் பொருளு. அம்மாகிட்ட குடுத்துட்டு ஓடி வாங்க"ன்னா. கண்ணுல தண்ணி நிக்குது. கவின் வேற ஆரம்பிச்சிட்டான்.

மணி பதினொன்னு அம்பது. பன்னெண்டு இருபதுக்குக் கேட் மூடிருவாங்க.

ஒரு கையில பாக்குவெட்டி, ஒரு கையில ஆணி. ஏர்போர்ட்ல இந்தக் கோலத்துல ஓடினா என்ன ஆகும்னு யோசிங்க. நல்ல வேளை, காக் ஒரு காக்கி உறையில போட்டுக் குடுத்து, கூட ஒரு ஆளையும் அனுப்பினாங்க. ஓடினேன். ஓடுறப்பவே வாயில திட்டு தயாராயிருச்சு.

மூணு பேரும் அதே தூணுகிட்ட நின்னாங்க. நான் வர்றதைப் பாத்ததும் அத்தைக்கு மூஞ்சி வெளுத்துருச்சு.

"என்னாச்சு மாப்ள? புள்ளைக்கு என்ன?"

"புள்ளைக்கு ஒண்ணும் இல்ல அத்தை. உங்களாலதான் எல்லாம்! எத்தனை தடவை சொன்னேன்? தலையணையில ஆணி! பம்பர்ஸ்ல பாக்குவெட்டி! ஃப்ளைட்டு போச்சுன்னா புள்ள இங்கயே இருப்பான்னு நெனச்சீங்களா?"

கடைசி வரி சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிட்டேன்.

அத்தை வாயைத் தொறந்தாங்க. அப்புறம் மூடிக்கிட்டாங்க. பிரியா கூரையில என்னமோ தேடினா. மாமா, எந்த ஃப்ளைட்டு எங்க போகுதுன்னு போர்டுல ரொம்ப உன்னிப்பாப் படிச்சாரு. எனக்கு அப்பவாவது உறைச்சிருக்கணும்.

உறைக்குள்ள கையை விட்டு பாக்குவெட்டியை எடுத்து அத்தை கையில வெச்சிட்டுத் திரும்பினேன்.

"மாப்ள, நில்லுங்க."

"நேரமில்ல அத்தை!"

"கெளம்பினவங்க திரும்பி வந்தா, உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்."

இவ்வளவு திட்டு வாங்கிட்டும் பாட்டிலை நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நான் என்ன பண்றது? பக்கத்துல இருந்த நாற்காலியில உக்காந்தேன். ஒரு வாய் குடிச்சேன். கூட வந்த ஆளு கடிகாரத்தைப் பாத்தாரு. அத்தை அவருக்கும் ஒரு பாட்டிலை நீட்டினாங்க. அவரும் உக்காந்து குடிச்சாரு!

மறுபடி ஓட்டம். மறுபடி வரிசை. அவசரம்னு சொல்லி முன்னால விட்டாங்க. அந்தப் பக்கம் ஷாமினி அழுற புள்ளையைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டு நிக்கிறா. நடுவுல அந்த வாசல்.

நடந்தேன்.

பீப்!

"பெல்ட்?" "இல்ல." "சாவி?" "இல்ல." பின்னால போய் மறுபடி நடந்தேன். பீப்!

காக் என் காலைப் பாத்தாங்க.

"என்சிக், போறப்ப நல்லா ஓடினீங்க. இப்ப ஏன் நொண்டுறீங்க?"

நான் காலைப் பின்னால இழுத்துக்கிட்டேன்.

"ஆணியை யார்கிட்ட குடுத்தீங்க?"

சரி, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. பாக்குவெட்டியை மட்டும்தான் குடுத்தேன். ஆணி என் சாக்ஸ்ல இருந்துச்சு.

அத்தையைத் தேடி வெளிய ஓடுறப்ப, அந்தப் பெரிய கண்ணாடி வழியா ஒரு ஃப்ளைட்டு மேல ஏறுறதைப் பாத்தேன். சின்னதாகி, மேகத்துக்குள்ள போயிருச்சு. நாலு தடவை ஏறினவன்தான் நான். ஆனா அந்த நாலு தடவையும் என் புள்ள அதுல இல்ல. கீழ கடல். நூறு நாள் உசுரு. ரெண்டு இஞ்ச் இரும்பு, இருந்தா இருந்துட்டுப் போகட்டுமேன்னு தோணிருச்சு. திரும்பி வர்றப்ப, ஷூ லேஸ் கட்டுற மாதிரி குனிஞ்சு சொருகிட்டேன்.

எமகண்டம் பைலட்டுக்குத் தெரியாதுன்னு சொன்ன அதே ஆளு.

ஷூவையும் சாக்ஸையும் கழட்டி, ஆணியை ட்ரேல வெச்சேன். சத்தம் நல்லாக் கேட்டுச்சு. மேலதிகாரி வந்துட்டாரு. போச்சு, இன்னிக்கு நான் ஜெயில்ல, இவங்க பெம்பான்லன்னு முடிவே பண்ணிட்டேன். எனக்கு நெசமாவே அழுகை வந்துச்சு.

"சார், மன்னிச்சிருங்க. புள்ள மொத தடவை பறக்கிறான். நான் பயந்துட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

ஷாமினி என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. கோவமா, சிரிப்பான்னு தெரியல.

காக் மேலதிகாரியைத் தனியாக் கூப்பிட்டு ஏதோ சொன்னாங்க. என்ன சொன்னாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அவரு என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, ஆணியைப் பெட்டியில போட்டுட்டு, பேரையும் ஐசி, அதாவது அடையாள அட்டை நம்பரையும் எழுதிக்கிட்டு, "இன்னொரு தடவை இப்படிப் பண்ணாதீங்க"ன்னு ஒரு அதட்டு போட்டுப் போயிட்டாரு.

நாங்க பையை அள்ளிக்கிட்டுக் கெளம்புறப்ப காக் கூப்பிட்டாங்க. தன்னோட முக்காட்டுல குத்தியிருந்த சின்ன ஊக்கு ஒண்ணைக் கழட்டினாங்க. கவினைச் சுத்தியிருந்த துணியோட ஓரத்துல, அவன் மேல படாத மாதிரி குத்தி விட்டாங்க.

"இது இரும்புதான். இது போலே"ன்னாங்க. போலேன்னா போகலாம்னு அர்த்தம். "இப்ப ஓடுங்க!"

ஓடினோம். ஸ்பிரிங் பைக்குள்ள டொய்ங் டொய்ங்னு ஆடுது. கேட் மூடப் போற நேரம். கடைசி ஆளா ஏறினோம். சீட்டுல உக்காந்தப்பறம்தான் கவின் என் நெஞ்சுமேல இருக்கான்னே கவனிச்சேன். ஓடுறப்ப ஷாமினி என்கிட்ட தள்ளி விட்டிருக்கா. அலறல. என் சட்டையைக் கொத்தாப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கிட்டான். ஏறுனப்பவும் எந்திரிக்கல, எறங்குனப்பவும் எந்திரிக்கல. கை மரத்துப்போச்சு. நான் அசையவே இல்ல. அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துல அந்த ஃப்ளைட்டை நான் தனியா ஓட்டியிருப்பேன்.

சாயந்தரம் கூச்சிங் வீட்டுல பெரிய பெட்டியைத் தொறந்தோம். சேலைக்கு நடுவுல, சாரோங்ல சுத்தி, கனமா வட்டமா ஒண்ணு. பிரிச்சா, இரும்பு தோசைக்கல்!

உடனே அத்தைக்குப் போன் போட்டேன்.

"அத்தை, இது என்ன?"

"நான் வெச்ச இரும்பு அது ஒண்ணுதாங்க மாப்ள. டிக்கெட்டு தாளுக்குப் பின்னால போட்டிருந்திச்சே, என்னென்ன கையில வெக்கக்கூடாது, என்னென்ன பெட்டியில போடலாம்னு. பிரியாவைப் படிக்கச் சொன்னேன். பெட்டியில போகலாம்னு இருந்துச்சு, போட்டேன். தோசை சுட்ட மாதிரியும் ஆச்சு."

அந்தத் தாளை நான் ஒரு தடவைகூடத் திருப்பிப் பாத்ததில்ல.

"அப்ப பாக்குவெட்டி?"

பின்னாலேருந்து பிரியாவோட குரல். "சாரி மாமா! நான்தான். அக்காவுக்குப் பயமா இருக்கும்னு..."

"ஆணி?"

போன்ல மாமா இருமுற சத்தம் கேட்டுச்சு. அன்னிக்கு உண்டான பத்து வார்த்தையில மிச்சமிருந்த ஒண்ணை எடுத்து, "நான்"னாரு.

எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல. அந்தத் தூணுகிட்ட நான் கத்தினது, அவங்க வாயை மூடிக்கிட்டது, தண்ணி பாட்டிலை நீட்டின கை, எல்லாம் ஞாபகம் வந்துச்சு. புருஷனையும் மகளையும் காட்டிக் குடுக்காம எல்லாத்தையும் அவங்களே வாங்கிக்கிட்டிருக்காங்க.

"அத்தை, மன்னிச்சிருங்க. நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"அதெல்லாம் விடுங்க மாப்ள. புள்ள நல்லபடியாப் போய்ச் சேந்தானே, அது போதும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

"சொல்லுங்க அத்தை."

"ஆணின்னு கத்துனீங்க, பாக்குவெட்டின்னு கத்துனீங்க. என் கையில பாக்குவெட்டி மட்டும்தானே குடுத்தீங்க, அப்பவே கவனிச்சேன். ஆணி எங்க?"

அந்த ஏர்போர்ட்ல அவ்வளவு மிஷின் இருந்தும், என்னை மொதல்ல கண்டுபிடிச்சது எங்க அத்தைதாங்க.